ஆஃப்-ரோடு வண்டியில் பின்னால் கூடுதல் சீட் போட்டுப் பிள்ளைகளை ஏற்றலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: முன்னால் இரண்டு சீட் மட்டும் உள்ள குட்டை ஆஃப்-ரோடு வண்டி, கழற்றி மாட்டும் கூரை, பின்னால் வெறும் சாமான் தளம். அங்கே மாட்ட ஒரு கிட் கிடைக்கிறது. பெஞ்ச் சீட், இரண்டு இடுப்பு பெல்ட், போல்ட், நட்டு எல்லாம் ஒரே பெட்டியில். வெல்டிங் தெரிந்த நண்பர் ஒரு மதியத்தில் மாட்டிவிடலாம் என்கிறார். ஏறப்போவது 6 வயதும் 10 வயதுமான உங்கள் பிள்ளைகள். ‘கிட் தரமானதா, சீட் ஆடாமல் நிற்குமா?’ என்று ஆரம்பித்து, ‘முன்னால் எனக்கிருக்கும் பாதுகாப்பு பின்னால் அவர்களுக்கும் இருக்குமா?’ என்று முடித்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் ஒரே வண்டியைப் பார்த்து முதலாவதற்கு ‘ஆம்’, இரண்டாவதற்கு ‘இல்லை’ என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு வேண்டியது இரண்டாவதற்கான பதில்.

சீட்டையும், பெல்ட்டை பாடியில் பிடித்துவைக்கும் இடமான ஆங்கரையும் இயந்திரத்தில் கட்டி இழுத்துப் பார்க்கும் சோதனைக்கூடத்தில் ஒன்பது வருடம் இருந்தேன். அதற்குப் பிறகு, பட்டறைகளில் மாற்றியமைத்த வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதும் வேலை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் வண்டியின் பாடியில் தயாரிப்பாளரே பின் சீட்டுக்கும் பெல்ட்டுக்கும் விட்டுவைத்த ஆங்கர் துளைகள் இருந்து, முன்னோக்கிய சீட்டும் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டும் அவற்றில் மாட்டினால், செய்யலாம். சாமான் தளத்தில் புதிதாகத் துளை போட்டு, இடுப்பு பெல்ட்டோடு வரும் பெஞ்சை மாட்டுவதென்றால், பிள்ளைகளை அதில் ஏற்றாதீர்கள். ஏன் என்பதுதான் கொஞ்சம் நீளம்.

அந்த சீட் எதைத் தாங்க வேண்டும் என்று முதலில் பார்ப்போம். மணிக்கு 50 கிமீ வேகத்தில் போகும் வண்டி எதிலோ மோதி, முன்பக்கம் நசுங்கி, அரை மீட்டருக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போட்டால், வேகம் குறையும் விகிதம் சராசரியாகப் புவியீர்ப்பைப்போல் 20 மடங்குக்குப் பக்கத்தில் வரும். 20 கிலோ எடையுள்ள சின்னவன் அந்த நொடியில் 400 கிலோ விசையோடு முன்னால் இழுப்பான். 32 கிலோ உள்ள பெரியவன் 640 கிலோ. பெஞ்ச் 18 கிலோ என்றால் அது மட்டும் 360 கிலோ. பல கிட்களில் பெல்ட் சீட்டின் இரும்புச் சட்டத்திலேயே மாட்டியிருக்கும். அப்படியானால் இந்த 1,400 கிலோவும் தளத்திலுள்ள நாலு போல்ட் வழியாகத்தான் இறங்கியாக வேண்டும். அதுவும் நேராக இறங்காது. இழுவை மேலே, பிடிமானம் கீழே. ஆகவே சீட் முன்னால் கவிழப் பார்க்கும், பின்பக்க போல்ட் இரண்டும் தகட்டைப் பிய்த்துக்கொண்டு மேலே வரப் பார்க்கும்.

‘ரோட்டில் போகமாட்டோம், மண் பாதையில் மெதுவாகத்தான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நிறையப் பேர் சொல்வார்கள். மணிக்கு 20 கிமீ வேகத்தில் ஒரு மரத்தின் மேல் மோதி 20 செமீக்குள் வண்டி நின்றால், அதுவும் ஏறக்குறைய 8 மடங்கு. கனமான இரும்பு பம்பரும் வின்ச்சும் மாட்டிய வண்டி லேசில் நசுங்காது, மரமும் நசுங்காது. நசுங்கும் தூரம் குறையக் குறைய உள்ளே இருப்பவர்மேல் விழும் அடி கூடும். வேகம் குறைவு என்பது உண்மையிலேயே உதவும், மறுக்கவில்லை. நீங்கள் நினைக்கும் அளவுக்கு உதவாது.

இதையெல்லாம் மனதில் வைத்துத்தான் விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன. பெல்ட் ஆங்கர்களுக்கு ஐநாவின் 14-ஆம் வாகன ஒழுங்குமுறை. சீட்டின் உறுதிக்கு 17-ஆவது. அமெரிக்காவில் அவற்றுக்கு இணையானவை 210-ஆம், 207-ஆம் விதிகள். பயணிகள் காருக்கு ஐநா, அமெரிக்கா இரண்டின் விதிகளுமே கிட்டத்தட்ட ஒரே அளவைக் கேட்கின்றன: மூன்று முனை பெல்ட்டின் தோள் பட்டையை 1,350 கிலோவுக்குச் சற்று மேல், இடுப்புப் பட்டையை அதே அளவு, இரண்டையும் சேர்த்து இழுக்க வேண்டும், ஆங்கர் பிய்ந்து வரக்கூடாது. வெறும் இடுப்பு பெல்ட் என்றால் 2,250 கிலோவுக்கு மேல். சீட்டின் எடையைப்போல் 20 மடங்கு தனி. இது ஒரு ஆளுக்கு உரிய கணக்கு. இரண்டு பேர் உட்காரும் பெஞ்ச் என்றால் இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் இழுப்பார்கள். அமெரிக்க விதியில் அந்த இழுவையை 10 விநாடி பிடித்து நிறுத்தவும் வேண்டும். சோதனைக்கூடத்தில் நின்று பார்க்கும்போது 10 விநாடி எவ்வளவு நீளம் என்று தெரியும். வேர்த்துவிடும்.

ஒரு தடவை பட்டறையில் செய்த பெஞ்ச் ஒன்றை, அதே மாதிரி வண்டியின் வெட்டியெடுத்த தளத்தோடு கொண்டுவந்தார்கள். வேலை பார்க்க அழகாக இருந்தது. வெல்டிங் நூல் பிடித்தாற்போல் நேர், பெயிண்ட் பளபளப்பு. தளத் தகடு 1 மிமீ. நாலு போல்ட், அடியில் சாதாரண வாஷர். சுமை ஏற ஏற, முதலில் தளம் கூடாரம் மாதிரி மேலே எழுந்தது. பாதிச் சுமைகூட வரவில்லை, ‘டப்’ என்று ஒரு சத்தம். பின் போல்ட் ஒன்று வாஷரோடு வெளியே வந்துவிட்டது. தட்டையாக இருந்த வாஷர் சின்னக் கிண்ணம்போல் குழிந்திருந்தது. அடுத்த போல்ட்டுக்கு சத்தம்கூட இல்லை, சுற்றியிருந்த தகடு கிழிந்தே போயிற்று. கழற்றி எடுத்த போல்ட்டின் மரையில் ஒரு கீறல் இல்லை. வெல்டிங் ஒரு இடத்திலும் விடவில்லை. செய்தவர் திரும்பத் திரும்ப வெல்டிங்கையே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவருக்குத் தெரிந்தது அது. அதில் அவர் தப்பே செய்யவில்லை.

கிட் விற்பவர்கள் போல்ட்டின் தரத்தைப் பெரிதாகச் சொல்வார்கள். 8.8 தரத்தில் 8 மிமீ போல்ட் ஒன்றை நேராக இழுத்து அறுக்க ஏறக்குறைய 3 டன் வேண்டும். போல்ட் என்றைக்கும் பிரச்சினை இல்லை. 25 மிமீ வாஷர் தகட்டைப் பிடித்திருக்கும் பரப்பு நாலரைச் சதுர செமீகூட இல்லை, அங்கேதான் பிரச்சினை. பந்தய வண்டிகளுக்கு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ எழுதிவைத்திருக்கும் விதியில், பெல்ட்டுக்குப் புதிதாகப் போடும் ஒவ்வொரு ஆங்கருக்கும் குறைந்தது 40 சதுர செமீ பரப்பும் 3 மிமீ கனமும் உள்ள இரும்புத் தகடு அடியில் வேண்டும். சீட்டைப் பிடிக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் அதே 40 சதுர செமீ. வாஷரைப்போல் ஒன்பது மடங்கு. உங்கள் கிட்டில் அடித்தகடு வருகிறதா, வந்தால் என்ன அளவு என்று பாருங்கள். ஸ்கேல் வைத்து ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும், கிட்டை நம்பலாமா வேண்டாமா என்பதில் பாதி.

அடித்தகடு பெரிதாக இருந்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. அந்தத் தகடு எதன்மேல் உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். சமமான தளத்தின் நடுவில் உட்கார்ந்தால் அந்தப் பகுதி முழுக்கவே கிழியலாம். தளத்துக்குக் குறுக்கே ஓடும் பெட்டிச் சட்டத்தில் உட்கார்ந்தால் கதை வேறு. ‘அப்படியானால் நேராகச் சேஸிஸிலேயே வெல்டு செய்துவிடலாமே’ என்பார் உங்கள் நண்பர். அங்கே ஒரு சிக்கல். ஏணிச் சேஸிஸ், அதாவது ஏணிபோன்ற தனி அடிச்சட்டம் உள்ள வண்டிகளில் பாடி என்பது ரப்பர் மவுண்ட்களின் மேல் உட்கார்ந்திருக்கும் தனிப் பொருள். மோதும்போது பாடியும் சேஸிஸும் ஒன்றுக்கொன்று நகரும். சீட் பாடியிலும் பெல்ட் சேஸிஸிலும் இருந்தால், அந்த நகர்வு முழுவதும் குழந்தையின் இடுப்பில்தான் விழும்: ஒன்று பெல்ட் இறுகும், அல்லது தளர்ந்துபோகும். சீட்டும் பெல்ட்டும் எதில் நின்றாலும் இரண்டும் ஒன்றிலேயே நிற்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

தளத்துக்கு அடியில் பெட்ரோல் டேங்க், பிரேக் குழாய் எல்லாம் ஓடுகிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன். ட்ரில் பிட் டேங்கைத் தொட்டு நின்ற தடத்தை ஒரு வண்டியில் கண்ணால் பார்த்தேன். அலுமினியப் பாடி என்றால் இரும்பு அடித்தகட்டை நேராக வைத்து இறுக்காதீர்கள். ஈரம் புகுந்தால் இரண்டு உலோகத்துக்கும் இடையே அரிப்பு தொடங்கி, அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். மேலே கார்பெட் இருக்கும், ஒன்றும் தெரியாது.

இப்போது நல்ல செய்தி. பல வண்டிகளில் இரண்டு சீட் ரகமும் நாலு சீட் ரகமும் ஒரே அச்சில் வார்த்த பாடிதான். நாலு சீட் ரகத்துக்காகப் போட்ட ஆங்கர்களை, இரண்டு சீட் ரகத்தில் ரப்பர் மூடி போட்டு அடைத்து, மேலே கார்பெட் விரித்திருப்பார்கள். கார்பெட்டைத் தூக்கி, சக்கரத்துக்கு மேல் வளையும் வீல் ஆர்ச் ஓரத்திலும் பக்கச் சுவரில் தோள் உயரத்திலும் விரலால் தடவிப் பாருங்கள். மரை வெட்டிய துளை இருந்தால், அதற்குப் பின்னால் கனமான நட்டும் தகடும் தொழிற்சாலையிலேயே வெல்டு செய்திருக்க வாய்ப்பு அதிகம். அந்த மரை பெரும்பாலும் 7/16 அங்குல நுண்மரை, அங்குலத்துக்கு 20 சுற்று. பெல்ட் போல்ட்டுக்கு உலகம் முழுக்க ஓடும் அளவு அது. விட்டம் 11.1 மிமீ. கையில் கிடைத்த 12 மிமீ போல்ட்டை ஸ்பேனரில் நீளக் குழாய் மாட்டி முறுக்கி ஏற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். மரை பாழ், ஆங்கரும் பாழ். சரியான போல்ட் முதல் நாலு சுற்று கைவிரலாலேயே ஏற வேண்டும். துளைகள் இருக்கின்றன என்றால், கிட்டை மறந்துவிட்டு, அதே பாடியின் நாலு சீட் ரகத்துக்குத் தயாரிப்பாளர் கொடுத்த சீட்டையும் பெல்ட்டையும் தேடுங்கள். பழையது கிடைத்தால், மோதிய வண்டியிலிருந்து எடுத்த பெல்ட்டாக மட்டும் இருக்கக்கூடாது. ஒருமுறை வேலை செய்த பெல்ட்டின் நாடா நீண்டுவிட்டிருக்கும்.

சீட் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. சுவரோடு ஒட்டி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்காரும் பக்கவாட்டு சீட் இடத்தை மிச்சப்படுத்தும், மடக்கியும் வைக்கலாம். ஆனால் மோதும்போது வண்டி முன்னால் நிற்க, அதில் இருப்பவர் பக்கவாட்டில் சாய்வார். இடுப்பைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும். மேலுடம்பையும் தலையையும் பிடிக்க ஒன்றும் இல்லை. தோள் பட்டை சேர்த்தால் அது கழுத்தில் போய் உட்காரும். இந்தக் காரணத்தால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் கொண்டுவந்த உத்தரவுகளில் புதிய கார்களில் பக்கவாட்டு சீட்டைத் தடை செய்தது. குழந்தை சீட்டையும் அதில் மாட்ட வழியில்லை. ஆகவே உங்களுக்கு இந்த வகை வேண்டாம். பின்னோக்கிய சீட் அவ்வளவு மோசமில்லை. முன்மோதலில் முதுகு முழுக்க விசையைத் தாங்கிக்கொள்ளும். முதுகுச்சாய்வு உறுதியாக, தலை உயரம் வரை இருக்க வேண்டும். ஆனால் குட்டை வண்டியில் பிள்ளைகளின் முழங்கால் பின்கதவைத் தொட்டுக்கொண்டிருக்கும். பின்னால் ஒருவர் வந்து மோதினால் நசுங்கும் இடமே அவர்கள் உட்காரும் இடம்.

‘கம்பெனிகளே ஒரு காலத்தில் இப்படிப் போட்டார்களே’ என்பவர்களுக்கு ஒரு சின்னக் கதை. 1978-ல் அமெரிக்காவில் விற்க ஆரம்பித்த சுபாரு பிராட் என்ற குட்டி பிக்கப்பில், திறந்த சாமான் தளத்தில் பின்னோக்கி இரண்டு சீட்டை வெல்டு செய்து கொடுத்தார்கள். இறக்குமதி லாரிகளுக்கு 25 சதவீத வரி. பின்னால் சீட் இருந்தால் அது பயணிகள் வண்டிக் கணக்கில் வரும், வரி குறையும். அவ்வளவுதான் காரணம். 1980-களின் நடுவில் அந்த சீட் போய்விட்டது.

பெல்ட்டுக்கு வருவோம். உங்கள் கிட்டை வேண்டாம் என்று நான் சொல்ல முதல் காரணம் இதுதான், ஆங்கர்கூட இரண்டாவதுதான். வோல்வோவில் நில்ஸ் போலின் மூன்று முனை பெல்ட்டைக் கொண்டுவந்தது 1959-ல். அதற்கு முன்பிருந்த இடுப்பு பெல்ட்டின் குறையை மருத்துவம் நன்றாகவே பதிவு செய்திருக்கிறது. 1962-லேயே ‘சீட் பெல்ட் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மோதும்போது உடம்பு இடுப்பில் மடங்கும். பெரியவர்களுக்கு இடுப்பெலும்பின் முன்முனை பெல்ட்டைப் பிடித்து நிறுத்தும். 6 வயதில் அந்த எலும்பு முழுதாக வளர்ந்திருக்காது. பெல்ட் மேலே வழுக்கி வயிற்றுக்குள் புதையும். குடல் கிழியும், முதுகெலும்பு குறுக்கே விரியும். அது மட்டுமில்லை, பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் சீட்டுக்கு மூன்று முனை பெல்ட் கட்டாயம். ஏறக்குறைய 145 முதல் 150 செமீ உயரம் எட்டும்வரை பிள்ளைகளுக்கு பூஸ்டர் வேண்டும்; 6 வயதுக்காரனுக்குச் சந்தேகமில்லாமல், 10 வயதுக்காரனுக்கும் அநேகமாக. இடுப்பு பெல்ட் மட்டும் உள்ள பெஞ்சில் இரண்டு பேரையுமே முறைப்படி உட்காரவைக்க முடியாது.

சரி, மூன்று முனை பெல்ட்டே வாங்கி மாட்டிவிடலாம் என்றால், இடம் சரியாக அமைய வேண்டும். இடுப்புப் பட்டை சீட்டிலிருந்து கீழே இறங்கும் கோணம், ஐநா விதிப்படி, பின் சீட்டுக்கு 30 முதல் 80 டிகிரிக்குள். இரண்டு கீழ் ஆங்கருக்கும் இடையே பொதுவாக 350 மிமீக்குக் குறையக்கூடாது. தோள் பட்டையைச் சீட்டுக்குப் பின்னால் தளத்தில் மாட்டி, முதுகுச்சாய்வின் மேலே மடக்கிக் கொண்டுவருவது எளிதான வழி. ஆனால் இறுகும்போது அது தோளைக் கீழே அழுத்தும், முதுகெலும்பு நசுங்கும். பலரும் தவறவிடுவது சுருள் பெட்டியை, அதாவது ரிட்ராக்டரை. அதற்குள் சாய்வை உணரும் ஒரு சின்ன அமைப்பு இருக்கிறது; பெரும்பாலும் ஒரு குண்டு. மாட்டும் நிலையிலிருந்து 12 டிகிரி வரை சாய்ந்தால் பூட்டக்கூடாது, 27 டிகிரிக்கு மேல் கட்டாயம் பூட்ட வேண்டும் என்பது கார்களின் வழக்கமான ரகத்துக்கு விதி. சரிவில் நிற்கும்போது பெல்ட் இழுக்க வராமல் அடம்பிடிப்பது இதனால்தான். ரிட்ராக்டரைக் கண் மதிப்பில் கோணலாக மாட்டினால், ஒன்று எப்போதும் பூட்டியே கிடக்கும், பிள்ளைகள் பொறுக்காமல் கழற்றிவிடுவார்கள். அல்லது பூட்ட வேண்டிய நேரத்தில் தாமதிக்கும்.

அடுத்தது தலை. குட்டை வண்டியில், கவிழ்ந்தால் தாங்கும் இரும்புக் குழாயான ரோல் பார் பெரும்பாலும் முன் சீட்டுக்குப் பின்னால் நிற்கும். பின்னால் உட்கார்ந்தால் அந்தக் குழாய் பிள்ளைகளின் நெற்றிக்கு நேராக வரும். பெல்ட் போட்டிருந்தாலும் தலை எவ்வளவோ தூரம் முன்னால் போகும். வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நீளமான மரச்சட்டம் ஒன்றை எடுத்து, ஒரு முனையை ரோல் பாரின் உச்சியிலும் மறுமுனையை பாடியின் பின் விளிம்பிலும் வையுங்கள். பின்னால் உட்கார்ந்தவரின் தலை சட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே முட்டினால், தலைகீழாகும்போது தரையைத் தொடுவது தலைதான். கழற்றி மாட்டும் ஃபைபர் கூரையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது மழைக்கு. சட்டம் தலையைத் தொடவில்லை என்பதற்காகப் பாதுகாப்பு என்று நான் சொல்லவில்லை. தொட்டால் வேண்டாம் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

சீட்டுக்குப் பின்னால் நீங்கள் ஏற்றும் சாமானும் பின் சீட்டின் எதிரிதான். ஐநா 17-ல் 18 கிலோ கட்டை இரண்டை முதுகுச்சாய்வுக்குப் பின்னால் வைத்து 50 கிமீ வேகத்தில் நிறுத்திப் பார்ப்பார்கள். ஆஃப்-ரோடு போகிறவர் பின்னால் வைப்பது நீள ஜாக்கி, டூல் பெட்டி, நீர் கேன். கட்டாமல் ஏற்றினால் எந்த சீட்டும் தாங்காது.

இதே கேள்வியை யூடிவி, அதாவது பின்னால் சாமான் தொட்டியுள்ள சின்னத் திறந்த ஆஃப்-ரோடு வண்டி வைத்திருப்பவர்களும் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அவற்றின் சாமான் தொட்டியில் சீட் போடவே கூடாது. இதில் ‘பார்க்கலாம்’ என்ற பேச்சே இல்லை. பல மாடல்களில் அந்தத் தொட்டி ஒரு கொக்கியில் நிற்கும், சாய்த்துக் கொட்டுவதற்காக. பாதுகாப்புக் கூண்டு முன் சீட்டோடு முடிந்துவிடும். போதாததற்கு எடை. ஓட்டுநரோடு 700 கிலோ, ஈர்ப்பு மையம் 60 செமீ உயரம், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 125 செமீ உள்ள ஒரு வண்டியில், 115 செமீ உயரத்தில் 130 கிலோவை ஏற்றினால், ஈர்ப்பு மையம் கிட்டத்தட்ட 69 செமீக்கு ஏறும். கவிழும் கோணம் காகிதத்தில் 46 டிகிரியிலிருந்து 42-க்கு இறங்கும். சஸ்பென்ஷன் சாய்வைச் சேர்த்தால் இன்னும் மோசம். எடை பின்னச்சுக்கு மேலோ அதைத் தாண்டியோ உட்காருவதால், மேடேறும்போது முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. 2009-ல் யமஹா ரைனோ வண்டிகள் கவிழ்வது குறித்து அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டபோது, பல சம்பவங்கள் சமதரையில், குறைந்த வேகத்தில், திரும்பும்போது நடந்தவை. அதற்குச் செய்த திருத்தங்களில் ஒன்று பின்சக்கரங்களுக்கு 50 மிமீ ஸ்பேசர். அந்தச் சில சென்டிமீட்டருக்காக, விற்ற வண்டிகளை இலவசமாகத் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் இரண்டு ஆளை உயரத்தில் உட்காரவைப்பதைப் பற்றி நான் வேறென்ன சொல்ல. உங்கள் வண்டிக்கு இதே கணக்கு சிறிய அளவில் பொருந்தும். பின்னச்சின் சுமை வரம்பு கதவுச் சட்டத் தகட்டிலோ கையேட்டிலோ இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

கிட்டோடு சான்றிதழ் வருகிறது என்று சொன்னீர்கள். வாங்கிப் படியுங்கள். பெல்ட்டின் நாடாவில் தைத்திருக்கும் முத்திரை ஐநா 16-ஐக் குறிக்கும். பெல்ட் நல்ல பெல்ட், அவ்வளவுதான். சீட்டுக்கு 17 என்று இருந்தால் சீட் நல்ல சீட். உங்கள் வண்டியின் தகட்டில் பெல்ட்டைப் பிடித்துவைக்கும் ஆங்கரைப் பற்றிப் பேசுவது 14 தான். அந்தச் சோதனை எந்த மாடலின் பாடியில் நடந்தது என்று எழுதியிருக்க வேண்டும். அசையாத இரும்பு மேசையில் மாட்டிச் சோதித்த சீட்டுக்குச் சான்று இருப்பது பொய்யில்லை, உங்கள் தளம் இரும்பு மேசை இல்லை. விற்பவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த மாடல், எந்த ஆண்டுப் பாடியில் ஆங்கர் சோதனை நடந்தது, போல்ட்டை எவ்வளவு டார்க்கில், அதாவது முறுக்கு விசையில், இறுக்க வேண்டும். இரண்டாவதற்கே பதில் வராவிட்டால் முதலாவதைக் கேட்கத் தேவையில்லை.

இதில் எது உறுதி, எது என் அனுமானம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். இடுப்பு பெல்ட் மட்டும் பிள்ளைகளுக்கு உதவாது, பக்கவாட்டு சீட் வேண்டாம், வாஷர் மட்டும் வைத்த மெல்லிய தகடு கிழியும், யூடிவி தொட்டியில் ஆள் ஏறக்கூடாது: இவை உறுதி. அடித்தகடு வைத்து, குறுக்குச் சட்டத்தோடு சேர்த்து, நன்றாகச் செய்த ஒரு பட்டறை வேலை எவ்வளவு தாங்கும் என்பது பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமே இல்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகும் என் ஊகம் இழுவை இயந்திரத்தில் பலமுறை பொய்த்திருக்கிறது, இரண்டு பக்கமும். நன்றாகத் தெரிந்தது பிய்ந்திருக்கிறது, அரைகுறை என்று நினைத்தது நின்றிருக்கிறது. அதனால் அப்படிப்பட்ட சீட்டில் பெரியவர் ஒருவர் தெரிந்தே ஏறினால் அது அவர் விருப்பம். பிள்ளைகளை ஏற்ற நான் எழுதித் தரமாட்டேன். வேறொரு வண்டியைக் கட்டி இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை என்பதும் சோதனை இல்லை. அது சில நூறு கிலோ. தகடு அதற்கு மேல்தான் பேச ஆரம்பிக்கும்.

சட்டப் பக்கம் சுருக்கமாக: பதிவில் இருக்கும் இருக்கை எண்ணிக்கையை மாற்றாமல் சீட் சேர்த்தால், விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். வேலை ஆரம்பிக்கும் முன்பே உங்கள் பதிவு அலுவலகத்திலும் காப்பீட்டிலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். பின் கார்பெட்டை எடுத்துவிட்டு நாலு படம் எடுங்கள்: இரண்டு வீல் ஆர்ச் ஓரமும், இரண்டு பக்கச் சுவரின் தோள் உயரமும். பிறகு வண்டியைத் தூக்கி நிறுத்தி, அதே இடங்களை அடியிலிருந்து நாலு படம். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள், துரு இருந்தால் மறைக்காமல் காட்டுங்கள். மாடலும் ஆண்டும் எழுதுங்கள். ஆங்கர் துளை இருக்கிறதா, அது சீட்டுக்கா பெல்ட்டுக்கா என்பதைப் படத்தை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். துளை இல்லை என்றால் அந்தப் பின்தளம் சாமானுக்குத்தான். பிள்ளைகளோடு போகும் நாளில் நாலு சீட் வண்டியை எடுங்கள்.